மூக்கில் இருக்கும் மஞ்சள்

அன்புள்ள சரவணா,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். தாளில் கோடு நேராகத்தான் போட்டிருக்கிறார்கள், என் எழுத்துதான் அதன்மேல் நிற்க மாட்டேன் என்று கீழே கீழே இறங்குகிறது. ‘ழ’ வரும்போதெல்லாம் பேனா எந்தப் பக்கம் திரும்புவது என்று யோசித்து நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் மை ஊறி ஒரு பொட்டு விழுகிறது. பொட்டு இருக்கும் இடங்களில் அப்பா கொஞ்சம் இளைப்பாறினான் என்று நினைத்துக்கொள். மாலை வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் ஸ்டெல்லா டீச்சர், “நீங்க சொல்லச் சொல்ல நான் அழகா எழுதித் தரேன் தாத்தா” என்றார். வேண்டாம் என்றேன். அழகாக இருந்தால் நான் எழுதியது என்று நீ நம்பவே மாட்டாய். நேற்று சாயங்காலம் தொடங்கியது இது. இந்த இடத்துக்கு வருவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். ஆனாலும் எனக்கு இருக்கும் சந்தோஷத்துக்கு அளவே இல்லை, சரவணா. எனக்கு ஒரு மகன் இருக்கிறான், அவன் தூரத்தில் இருக்கிறான், அவனுக்கு நான் எழுதுகிறேன்!

போனில் நீ கேட்டாயே, “அப்பா, வீடியோல ப்ளேனோட மூக்குல இன்னாவோ மஞ்சளா கீதே, இன்னாப்பா அது?” என்று. “எழுதுறேன்” என்று சொல்லி நான் போனை வைத்துவிட்டேன். நீ சிரித்தது கேட்டது. போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை அது. உனக்கு டீ நேரத்தில்தான் பேச முடிகிறது. பாதி சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்பாள், அதற்குள் உன் பிளாண்டு லைன் ஓடத் தொடங்கிவிடும். ஆனால் நீ இதை முழுதாகத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். வருகிற திங்கட்கிழமை அந்தக் குட்டி விமானக் கம்பெனிக்காரர்கள் உன்னிடம் வேலைக்காகப் பேசப் போகிறார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூக்கில் என்ன மஞ்சள், வாலில் என்ன கட்டு என்று அவர்களும் கேட்பார்கள். செய்தவன் நீ, ஆனால் உனக்கே பதில் தெரியாது. அதனால் திங்களுக்கு முன் இது புனேவுக்கு வந்து சேர வேண்டும். நாளைக் காலை கொடுத்தால் சனிக்கிழமை சேர்ந்துவிடும் என்று கூரியர் கடைப் பையன் சொல்லியிருக்கிறான்.

நீ கிளம்பிய வியாழக்கிழமையை நினைத்துப் பார். வயல்மேல் பறந்து படம் எடுக்கும் சின்ன விமானங்கள் செய்கிற அந்தக் கம்பெனிக்கு நீ எழுதிப்போட்டு, நீயே செய்த ஒன்று பறப்பதை எடுத்து அனுப்பு என்று அவர்கள் பதில் சொல்லி, அதற்கு ஞாயிறு சாயங்காலம் வரைக்கும் நேரம் கொடுத்திருந்தார்கள். வீசுவதிலிருந்து இறங்குவது வரை நடுவில் வெட்டாமல் எடுக்க வேண்டுமாம். அதே வாரத்தில்தான் ஒரகடத்து பிளாண்டில் உன்னை மூன்று மாதம் புனேவுக்கு அனுப்பினார்கள். நீ பையை மாட்டிக்கொண்டு, கட்டில்மேல் தனித்தனியாகக் கிடந்த றெக்கையையும் உடம்பையும் வாலையும் ஒரு பார்வை பார்த்தாய். “வுடுப்பா, அடுத்த தபா பாத்துக்கலாம்” என்றாய். அடுத்த தடவை என்று ஒன்று இருக்குமா என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. “நாங்க பூட்டிப் பறக்க வுடறோம், நீ போ” என்று என் வாய்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே பயம் வந்தது. நீ கதவருகே நின்று, “றெக்கை, வாலு, பேட்டரி, அப்பால பேலன்ஸ். அவ்ளோதான்பா. முன்னால சுத்துற விசிறிய மட்டும் நம்ம கிறிஸ்டோ வந்து மாட்டட்டும், நீங்க தொடாதீங்க” என்றாய். உன் அம்மா, “ஒரு மிக்ஸியப் பூட்டத் தெரியாது இந்தாளுக்கு, ஏரோப்ளேன் பூட்டப் போறாரு” என்றாள். அது உனக்கும் கேட்டிருக்கும்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயை விரித்து உட்கார்ந்தோம். அப்போதுதான் நான் கவனித்தேன். நீ ஒவ்வொரு துண்டின்மேலும் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாய்! இத்தனை வருஷம் உன் தெர்மாகோல் விமானங்களைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறேன், அவற்றின்மேல் எழுத்து இருந்தது எனக்குத் தெரியாது. ஏதோ கோலம் என்று நினைத்திருந்தேன். இப்போது குனிந்து பார்த்தால், ‘இ... ட... து.’ இடது! இன்னொன்றில் ‘வலது’. உடம்பின் முதுகில் ‘மேல்’. நான் ஒவ்வொன்றையும் சத்தமாகப் படித்தேன். உன் அம்மா, “கத்தாத, பக்கத்து வூட்ல சண்ட போடறோம்னு நெனைக்கப் போறாங்க” என்றாள். பிளாண்டில் நான் புல் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பலகை இருந்தது. தினமும் காலையில் அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். கம்பெனிப் பெயராக்கும் என்று ஒரு மரியாதை. போன மாதம் பழைய ஆட்களைப் பார்க்கப் போனபோது படித்துப் பார்த்தேன். ‘புல்லின் மேல் நடக்காதீர்கள்’ என்று இருந்தது. அத்தனை வருஷமும் புல்லின்மேல் நின்றுகொண்டுதான் அதைத் துடைத்திருக்கிறேன்! அங்கேயே சிரித்துவிட்டேன், செக்யூரிட்டிக்காரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

கார்பன் குச்சியை இரண்டு றெக்கைக்கும் நடுவே செருகிச் சேர்த்தோம். வாலை அதன் பள்ளத்தில் உட்கார வைத்தோம். அது நேராக உட்கார்ந்ததா என்று எனக்குச் சந்தேகம். உன் அம்மா பூக்கட்டும் நூலை எடுத்து, றெக்கையின் ஒரு நுனியிலிருந்து வால் நுனி வரை பிடித்து முடிச்சுப் போட்டாள். அதே நூலை மறுபக்கம் பிடித்தபோது முடிச்சு ஒரு விரல் தள்ளி நின்றது. கோணல்! மறுபடி எடுத்து மறுபடி வைத்து, இரண்டு பக்கமும் முடிச்சு ஒரே இடத்தில் வரும்வரை அவள் விடவில்லை. அப்புறம் றெக்கையை உடம்பின்மேல் வைத்து ரப்பர் பேண்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக மாட்டினோம். ஒன்று தெறித்து என் மூக்கில் அடித்தது. அவளுக்கு அன்றைக்கு அதுவே போதுமான சந்தோஷம். சின்னச் சின்னக் கம்பிகளை நீ குறி போட்டிருந்த ஓட்டையில் கோத்தேன். பேட்டரியை முன்னால் தள்ளி, அதன் பட்டையை இறுக்கினேன்.

பேலன்ஸ்தான் கடைசி வேலை. றெக்கையின் அடியில் இரண்டு புள்ளி வைத்து, ‘விரல் இங்கே’ என்று எழுதியிருந்தாய். அந்த இரண்டு இடத்திலும் விரல் நுனியை வைத்துத் தூக்கினால் விமானம் தராசு முள் மாதிரி சமமாக நிற்க வேண்டும். மூக்கு ஒரு துளி குனியலாம், வால் மட்டும் குனியவே கூடாது. நீ போனில் சொன்னது அப்படியே நினைவில் இருந்தது. தூக்கினேன். என் கை நடுக்கம் உனக்குத் தெரியும். விமானம் தலையாட்டிக்கொண்டே இருந்தது. “தள்ளு” என்று உன் அம்மா வந்தாள். அவள் ஒரு விரல், நான் ஒரு விரல் என்று ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்தோம். “நீ மேல தூக்கற.” “நீதான்மே கீழ எறக்கற.” “நான் எங்க எறக்கனேன்? உன் தோளு ஒசரம், குனி.” நான் குனிந்தேன். அவள் கொஞ்சம் குதிகாலை எடுத்தாள். பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு பேரும் அந்த மூக்கையே பார்த்தோம். அது அசைந்து, அசைந்து, நின்றது. சரவணா, உனக்கும் ஒரு கல்யாணம் நடக்கும். அன்றைக்கு ஊரே வந்து ஆயிரம் புத்தி சொல்லும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைத் தூக்கும்போது உயரமானவன் குனியட்டும், குட்டையானவள் எம்பட்டும், யார் எவ்வளவு செய்தார்கள் என்று பார்க்காமல் மூக்கைப் பாருங்கள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை.

ஞாயிறு காலை கிளம்பும்போது உன் அம்மா கற்பூரம் காட்டி, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கறுப்பு நூலில் கோத்து எடுத்துக்கொண்டு வந்தாள். “புது வண்டிக்குக் கட்ட மாட்டோமா? இது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?” என்றாள். எனக்கும் சரி என்றுதான் பட்டது. முன்னால் கட்டினால் விசிறி அறுத்துவிடும், அதனால் பின்னால் என்று நான்தான் சொன்னேன். ஆனால் வாலில் நீ எழுதியிருந்தாய், ‘இதில் எதையும் ஒட்டாதே, கட்டாதே’ என்று. அதை நான்தான் அவளுக்குப் படித்தும் காட்டினேன். படித்துவிட்டு ஒரு யோசனையும் சொன்னேன். ஒட்ட வேண்டாம், கட்ட வேண்டாம், உடம்புதான் உள்ளே குடைவாக இருக்கிறதே, உள்ளே போட்டுவிடலாம். நீ உள்ளே போடாதே என்று எங்கே எழுதியிருக்கிறாய்? படிக்கக் கற்ற புதிதில் இப்படி ஒரு திமிர் வரும் போலிருக்கிறது. எழுதிய சொல்லைப் பார்த்தேன், எழுதியவன் ஏன் எழுதினான் என்று பார்க்கவில்லை. ஆட்டோவில் கொண்டுபோக றெக்கையைக் கழற்றியபோது தெரிந்த அந்த வாய் வழியாக எலுமிச்சையைப் பின்பக்கமாக உருட்டிவிட்டோம். ஒரு சின்னப் பழம், அதற்கு என்ன கனம் என்று நினைத்தேன்.

படப்பைக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். அதைக் கேள். என் மடியில் உடம்பு, உன் அம்மா மடியில் றெக்கை. றெக்கையின் ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, “இன்னா பெருசு, றெக்கைக்கு ஒரு சீட்டு போட்டுரட்டா?” என்றான். எதிரே உட்கார்ந்திருந்த, ஷிப்ட் முடித்து வந்த பெண், “ட்ரோனா தாத்தா?” என்றாள். “இல்லம்மா, ஏரோப்ளேன்.” “எங்க போவுது?” “படப்பைக்கு.” ஆட்டோவே சிரித்தது. “ஏரோப்ளேனே ஷேர் ஆட்டோல போனா நாங்கல்லாம் எதுலதான் போறது?” என்றார் ஒரு பெரியவர். உன் அம்மா ரொம்பக் கறாராக, “எங்க புள்ள செஞ்சது. தோள் படாம தள்ளி உக்காருங்க” என்றாள். படப்பையில் நாங்கள் இறங்கியபோது அந்தப் பெண் கை காட்டி, “பத்திரமா பறந்துட்டு வாங்க” என்றாள்.

வீடு எதுவும் வராத அந்த லேஅவுட்டில், வளைவு வைத்த வாசலுக்கு உள்ளே, உன் சிநேகிதன் கிறிஸ்டோ நின்றுகொண்டிருந்தான். சுங்குவார்சத்திரத்தில் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தவன், கண் இரண்டும் மிளகாய்ப்பழம். கையில் ரிமோட். “எங்க சர்ச்சு பூசைய வுட்டுட்டு உங்க பூசைக்கு வந்துட்டேன்மா, எங்கம்மா கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்” என்று உன் அம்மாவிடம் சொன்னான். றெக்கையை மாட்டி, விசிறியை முடுக்கி, ரிமோட்டை ஆட்டி, றெக்கையிலும் வாலிலும் இருக்கிற மடிப்புகள் சரியான பக்கம் அசைகின்றனவா என்று பார்த்தான். “பேலன்ஸ் பாத்தீங்களாப்பா?” என்றான். “பாத்தாச்சு” என்றேன். பொய் இல்லை. பேலன்ஸ் பார்த்தது சனிக்கிழமை. எலுமிச்சை போட்டது ஞாயிற்றுக்கிழமை.

முதலில் வீசியது நான். உன் அம்மா போனில் எடுத்தாள். பிளாட் கற்களுக்கு நடுவே நான் நாலு எட்டு ஓடி விமானத்தை விட்டேன். கையை விட்டதும் அது மூக்கைத் தூக்கியது. ஆகா, மேலே போகிறது என்று நான் கத்தினேன். அது தூக்கிக்கொண்டே போனது. கிறிஸ்டோ, “எறங்கு, எறங்கு, எறங்குடா” என்று ரிமோட்டிடம் கெஞ்சினான். விமானம் வானத்தில் செங்குத்தாக நின்றது, ஒரு கணம் எங்களைப் பார்த்த மாதிரி இருந்தது, அப்புறம் அப்படியே சரிந்து வால் பக்கமாக வந்து விழுந்தது. போய்ப் பார்த்தால் வால் மடங்கிப் பாதி பிய்ந்திருந்தது. அந்தப் பிளவு வழியாக, கறுப்பு நூலோடு, எலுமிச்சம்பழம் மெதுவாக உருண்டு வெளியே வந்து கிறிஸ்டோவின் ஷூவில் முட்டி நின்றது.

அவன் அதையும் என்னையும் பார்த்தான். “இன்னாப்பா இது?”

“எலுமிச்சம்பழம்.”

“அது தெரியுது. ஏம்பா உள்ள கீது?”

“திருஷ்டிக்கு” என்றாள் உன் அம்மா.

அவன் ஒரு பிளாட் கல்லின்மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். மூக்கு ஏற ஏற பழம் பின்னால் உருண்டிருக்கிறது, உருள உருள மூக்கு இன்னும் ஏறியிருக்கிறது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. உன் ஆறு மாத வேலை, உன் ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் அந்தக் கறுப்பு நூலில் தொங்கியது.

கிறிஸ்டோ தலையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னான். “அப்பா, என் வண்டில நான் கடைல வாங்குன ப்ளேன் ஒண்ணு கீது. இதே சைசு, இதே வெள்ள. மேல போயிட்டா யாருக்குத் தெரியும்? சரவணனுக்காவ அத பறக்கவுட்டு எடுத்து அனுப்பிடலாம்.” அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உன்மேல் உள்ள பாசத்தில் சொன்னான். நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். “சரிப்பா, எடு” என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். உடைத்தவன் நான், எப்படியாவது ஒட்டிவிட வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. உன் அம்மாதான், “கடைல வாங்குனது பறந்தா கடைக்காரனுக்குல்ல வேல குடுக்கணும்?” என்றாள். கிறிஸ்டோ சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. “ஒடஞ்சது வாலுதானே? கட்டு. கையி கால் ஒடஞ்சா கட்டறதில்ல?” என்றாள்.

வாட்ச்மேன் கொட்டகையில் ஒரு தென்னந்துடைப்பம் வாங்கி, அதிலிருந்து ஈர்க்குச்சி உருவினோம். வாலின் இரண்டு பக்கமும் ஈர்க்கை வைத்து, கிறிஸ்டோ டேப் சுற்றிச் சுற்றிக் கட்டுப் போட்டான். வால் நேரானது. ஆனால் இந்த முறை அவன் என்னிடம் பேலன்ஸ் பார்த்தீர்களா என்று கேட்கவில்லை. “புடிங்க” என்றான். நானும் உன் அம்மாவும் விரலை வைத்துத் தூக்கினோம். வால் கீழே போனது. ஈர்க்கும் டேப்பும் ஏறியதால் பின்பக்கம் கனம். பேட்டரியை முன்னால் தள்ளலாம் என்றால் அது ஏற்கெனவே மூக்கின் உள்சுவரை முட்டிக்கொண்டிருந்தது. மூக்கில் ஏதாவது கனம் வைத்தே ஆக வேண்டும். கிறிஸ்டோ கல்லைத் தேடினான். சின்னக் கல் போதவில்லை, பெரிய கல் டேப்பில் நிற்கவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

“புள்ளையார வைக்காம ஆரம்பிச்சீங்கல்ல” என்றாள் உன் அம்மா. உண்மைதான். வந்ததும் மஞ்சள் பிள்ளையார் பிடித்து வைத்துவிட்டுப் பறக்கவிடலாம் என்று அவள் சொல்ல, நேரமாகிறது என்று நான்தான் தடுத்திருந்தேன். மஞ்சள்தூள் பொட்டலம் அவள் பையிலேயே இருந்தது. பாட்டில் தண்ணீரை உள்ளங்கையில் விட்டு, தூளைக் கொட்டி, கெட்டியாகப் பிசைந்தாள். பிசைந்துகொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, அந்த உருண்டையைக் கையில் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் மூக்கைப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூக்கைப் பார்த்தோம்.

“அம்மா,” என்றான் கிறிஸ்டோ, “நான் சர்ச்சுக்குப் போறவன். புள்ளையார நான் ஓட்டலாமா?”

“அவரு உன்ன ஓட்டுவாரு. நீ சும்மா ரிமோட்டப் புடி.”

விசிறிக்குப் பின்னால், மூக்கின் மேல்பக்கத்தில் பிள்ளையாரை உட்கார வைத்தாள். நாங்கள் தூக்கினோம். இன்னும் வால் கொஞ்சம் தணிந்தது. இறக்கி வைத்து, வயிற்றில் ஒரு பிடி மஞ்சள் சேர்த்தாள். தூக்கினோம். மூக்கு மிகவும் குனிந்தது. “தொப்ப ஜாஸ்தி ஆயிடுச்சு” என்று கிள்ளி எடுத்தாள். இன்னும் ஒரு சிட்டிகை கிள்ளினாள். மறுபடி தூக்கினோம். நான் குனிந்தேன், அவள் எம்பினாள். மூக்கு ஒரு துளி குனிந்து அப்படியே நின்றது. நான் சாட்சி சொல்கிறேன், சனிக்கிழமையைவிட நன்றாக நின்றது! பிளாட் ஓரத்திலிருந்து ஒரு அறுகம்புல் கிள்ளி அவர் தலையில் வைத்தாள். கிறிஸ்டோ மேலே கண்ணாடி டேப்பை ஒட்டினான். “மூச்சு முட்டாதாடா அவருக்கு?” என்றாள். “ஹெல்மெட்மா” என்றான்.

இந்த முறை வீசியது உன் அம்மா. வீடியோ தொடங்கும்போது ஒரு வளையல் போட்ட கை தெரிந்திருக்குமே, அது அவள் கைதான். முதல் வீடியோவில் அவள் எடுத்தது முழுக்க வானமும் அவள் முந்தானையும் என் கத்தலும்தான், அதனால் போன் என் கைக்கு வந்தது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஓடாமல், நின்ற இடத்திலிருந்தே நேராக விட்டாள். அது தாழ்ந்தது. என் உயிரும் கூடவே தாழ்ந்தது. தாழ்ந்து, புல்லைத் தொடப் போகிறது என்னும்போது நிமிர்ந்து, சீராக, அவசரமே இல்லாமல் ஏறத் தொடங்கியது. நீ வீடியோவில் பார்த்திருப்பாய். பார்க்காதது ஒன்று உண்டு. பூசை முடிந்ததும் பிள்ளையாரை வடக்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைப்போம் இல்லையா, அப்போதுதான் எடுத்த காரியம் முடிந்தது என்று. அன்றைக்குக் காற்று வடக்கேயிருந்து. காற்றுக்கு எதிராக ஏற்ற வேண்டும் என்று கிறிஸ்டோ அதை அந்தப் பக்கம் திருப்பினான். உன் அம்மா மேலே பார்த்து, இரண்டு கையையும் கூப்பி, “வடக்க நவுந்துட்டாரு! யோவ், அவரே வடக்க நவுந்துட்டாருய்யா!” என்று கத்தினாள். வீடியோவில் படம் ஒரு இடத்தில் ஆடும். அது என் கை நடுக்கம் இல்லை, நான் சிரித்தேன். அது மூன்று சுற்று சுற்றி, பொட்டல் வெளியில் வயிற்றால் வழுக்கி இறங்கி நின்றபோது கிறிஸ்டோ சிலுவை போட்டுக்கொண்டான். உன் அம்மா அவனுக்கு மஞ்சள் கையாலேயே நெட்டி முறித்தாள். அவன் கன்னமெல்லாம் மஞ்சள். அப்படியே போய்ப் படுத்துத் தூங்கியிருப்பான். மதியத்துக்குள் வீடியோ போய்விட்டது.

இதுதான் அந்த மஞ்சள். இப்போது திங்கட்கிழமைக்கு வருவோம். அவர்கள் கேட்டால் நடந்ததைச் சொல். எங்க அப்பா அம்மா எலுமிச்சம்பழம் போட்டு உடைத்தார்கள், ஈர்க்குச்சியால் கட்டினார்கள், மஞ்சளைக் கிள்ளிக் கிள்ளிப் பேலன்ஸ் பார்த்தார்கள் என்று சொல். முதல் வீடியோவை நான் அழிக்கவில்லை. உனக்கு அனுப்பச் சொல்லி கிறிஸ்டோவிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டால் காட்டு. அதைப் பார்த்து அவர்கள் சிரித்தால் நீயும் சேர்ந்து சிரி. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதுவும் ஒரு பதில்தான், பிளாண்டில் உன் லைன் எங்கேயும் போய்விடாது. ஆனால் முதல் வீச்சிலேயே பறந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே. அப்படிச் சொல்லி வேலைக்குப் போனால், அங்கே முதல் தடவை ஒன்று விழும்போது உன்னால் யாரிடமும் கேட்க முடியாது. நீ செய்தது விழுந்தும் வாலைத் தவிர எதுவும் உடையவில்லை, கட்டினால் மறுபடி பறந்தது. உன் கைவேலைக்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்கு எப்படியிருக்கிறது தெரியுமா? மேலே விமானம் போகும்போதெல்லாம், அந்தப் பெரிய விமானங்களுக்கும் யாரோ இரண்டு பேர் விரலை வைத்துத் தூக்கிப் பார்த்திருப்பார்கள் என்று தோன்றுகிறது. சிரிக்காதே.

பிள்ளையாரை இன்னும் கரைக்கவில்லை. கரைத்தால் வால் தணிந்துவிடும் என்று உன் அம்மா எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ வந்து வேறு கனம் வைத்த பிறகுதான் அவருக்கு விடுதலை. அதுவரை பீரோ மேல், வடக்குப் பார்த்து, ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருப்பார். நேற்று அவள் என் பக்கத்தில் வந்து, “நான் சொன்னதெல்லாம் எழுதுனியா?” என்று கேட்டாள். எல்லாம் எழுதக் கை தாங்காது என்றேன். எழுந்து போய்விட்டாள். இன்று சாயங்காலம் வகுப்புக்கு நான் கிளம்பும்போது செருப்பைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள், வகுப்பில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். திரும்பி வந்ததும் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, பேனாவை என்னிடமிருந்து வாங்கி இந்தத் தாளின்மேல் குனிந்தாள். அப்புறம் இன்னும் ஒரு வாரம் போகட்டும் என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கீழே மூலையில் மஞ்சளாக ஒரு விரல் தடம் தெரியும். அது என்ன என்று போன் போட்டுக் கேட்காதே. அந்த இடத்தில் என்ன எழுத வந்தாள் என்பதை அடுத்த புதன்கிழமை எழுதும் கடிதத்தில் அவள் கையாலேயே பார்த்துக்கொள். மற்றதை நான் எழுதுகிறேன்.

உன் அப்பா